எழுத்து அழியாத பெடல்

அந்த யோசனை எனக்குத் தோன்றியது விருத்தாசலம் ரயில்வே கேட்டுக்கு முன்னால், ஒரு களிமண் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தபோது. தனியாக இல்லை, ஜீப்போடு உட்கார்ந்திருந்தேன். ஜீப்பின் முன்சக்கரங்கள் இரண்டும் குவியலில் ஏறி நின்றன. பின்னால் கட்டியிருந்த நீள வண்டிக்குள் அறுபது ஊறுகாய் ஜாடிகள் ஒன்றையொன்று இடித்துச் சத்தம் போட்டுவிட்டு மெல்ல அடங்கின.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் இஞ்சினை அணைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நினைத்த இடத்தில் நினைத்தபடி நிறுத்தியவர் போல உட்கார்ந்திருந்தார்.

“என்னண்ணே, பிரேக்கைப் போட்டிருக்கலாமே” என்றேன்.

“எதுக்குத் தம்பி? அதான் மண்ணு இருக்குதே.”

கேட்கீப்பர் அன்றைக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னதாகவே கேட்டை இறக்கத் தொடங்கியிருந்தார். “இன்னிக்கு அந்தாளு அவசரப்பட்டுட்டாரு” என்று குற்றத்தை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு இவர் விஷயத்தை முடித்தார். ஆனால் பின்னாலிருந்து வண்டி எங்களை உந்தித் தள்ளியதை நான் என் முதுகில் உணர்ந்திருந்தேன். குற்றவாளி அந்த வண்டிதான். இழுக்கப்படும் வண்டி தன்னைத் தானே நிறுத்திக்கொள்ள வேண்டும், அதற்கு மின்சார பிரேக் வேண்டும், அதை நான் செய்யப்போகிறேன். இந்த மூன்றும் ஒரே மூச்சில் தோன்றின. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. டிப்ளமா வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. உலகத்தில் உள்ள கோளாறான பொருள்கள் எல்லாம் எனக்காகவே காத்துக் கிடப்பதாக ஒரு நினைப்பு.

ஏழெட்டு வருஷம் கழித்து இதை எழுதும்போது ஒன்று சொல்லலாம். நோயாளியை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றவனுக்கு மருந்து கொடுத்தேன். ஆனால் நோயாளி பிழைத்தது அந்த மருந்தால்தான்.

நாங்கள் வேலை பார்த்தது பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனி. ஊறுகாய் ஜாடி, டீக்கடைக் கோப்பை, கரண்ட்டுக்குப் போடும் பியூஸ் கட்டை, இவைதான் எங்கள் சரக்கு. பக்கத்துச் சுரங்க ஊருக்கு வந்திருந்த வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது, தான் வாழ்ந்த சக்கரம் வைத்த வீட்டை விட்டுவிட்டுப் போனார். கட்டில், கண்ணாடி ஜன்னல், முகம் கழுவும் தொட்டி எல்லாம் உள்ளேயே உண்டு. அதை எங்கள் முதலாளி ஏலத்தில் எடுத்தார். ஜாடிகளை அடுக்கி ஊர் ஊராகச் சந்தைக்குக் கொண்டு போகலாம் என்பது அவர் திட்டம். பேட்டையில் எல்லாரும் அதைச் சக்கர வூடு என்றார்கள். சந்தைக்கு வந்த ஜனங்கள் ஜாடியை ஏறிட்டும் பார்க்கவில்லை. வரிசையில் நின்று கட்டிலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். “இதுல படுத்துக்கிட்டே போவாங்களா?” என்று கேட்ட ஒரு கிழவருக்கு டிரைவர் நிதானமாகப் பதில் சொன்னார்: “படுத்துக்கிட்டுப் போறது அவங்க பழக்கம். நாம படுத்தா தூக்கிக்கிட்டுத்தான் போவாங்க.”

டிரைவரின் வயது நாற்பதிலிருந்து ஐம்பதுக்குள் எங்கேயோ இருந்தது. நெடிய உடம்பு. நடை மட்டும் மிகவும் மெதுவானது. பேட்டையில் சங்கு ஊதினால் எல்லாரும் ஓடுவார்கள், அவர் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வருவார். அதைத் திமிர் என்று சிலர் சொன்னார்கள். திமிர் பிடிக்கிற அளவுக்கு அவரிடம் ஒன்று இருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பிரேக் போடாமல் ஓட்டுகிறவர்.

ஊருக்கே தெரிந்த வித்தை அது. ஜங்ஷன் பக்கத்து டீக்கடைக்கு முன்னால் நிற்க வேண்டுமானால், இரண்டு பர்லாங்குக்கு முன்பே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். வண்டி பேச்சை நிறுத்திவிட்டு ஊர்ந்து வரும். டீக்கடைக்காரர் அந்த மௌனத்தைக் கேட்டதும் டீ ஆற்றத் தொடங்குவார். வண்டி வந்து நிற்கவும் கிளாஸ் நீட்டப்படவும் சரியாக இருக்கும். எந்த ரோட்டில் எந்த இடம் மேடு, எந்த ஓரத்தில் மணல் உண்டு, எங்கே வேலி உறுதி என்பதெல்லாம் அவருக்குப் பாடம். எப்போதும் மேட்டைப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவார். ஆடு குறுக்கே வரப்போகிறதா என்று அதன் காதைப் பார்த்துச் சொல்வார். “காது முன்னாடி விறைச்சா வரும். பின்னாடி மடிஞ்சா நிக்கும்.” நான் சோதித்துப் பார்த்தேன். பத்துக்கு எட்டு சரியாக வந்தது. மீதி இரண்டு ஆடுகளைப் பற்றிக் கேட்டபோது, “அதுங்களுக்கே தெரியாது தம்பி” என்றார்.

பிரேக்கைப் பற்றி அவருக்கு ஒரு தத்துவமும் இருந்தது. “பிரேக்குன்றது மன்னிப்புக் கேக்குற மாதிரி. தப்புப் பண்ணவன் கேக்கட்டும்.”

அதனால் மின்சார பிரேக் என்று நான் ஆரம்பித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “சக்கர வூட்டுக்கா? அது பாட்டுக்குத்தானே வருது.”

“தள்ளுதே அண்ணே.”

“பின்னாடி வர்றவங்க தள்ளத்தான் செய்வாங்க.”

நான் விடவில்லை. சக்கர வீட்டின் இழுப்பறையில் ஓர் ஆங்கிலக் கையேடு கிடந்தது. அதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. அந்த வண்டியில் ஏற்கெனவே மின்சார பிரேக் இருந்தது. ஒவ்வொரு சக்கரத்தின் டிரம்முக்குள்ளும் ஒரு மின்காந்தம். கரண்ட் கொடுத்தால் அது சுழலும் டிரம்மில் ஒட்டப் பார்க்கும். ஒட்டப் பார்க்கும்போது கூடவே இழுபடும், இழுபட்டு ஒரு கையைத் திருப்பும், அந்தக் கை பிரேக் கட்டைகளை விரிக்கும். எவ்வளவு கரண்ட்டோ அவ்வளவு பிடி. ஆனால் அந்தச் சுருள்கள் ஆறு வோல்ட்டுக்குச் சுற்றப்பட்டவை. யாரோ ஒரு புண்ணியவான் அவற்றை ஜீப்பின் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் நேராகக் கொடுத்து, ஒரு பக்கத்தைக் கருக்கியிருந்தான். ஒரு சக்கரம் பிடிக்க, மறு சக்கரம் ஓட, வண்டி பக்கவாட்டில் இழுத்ததால் வயரையே வெட்டிவிட்டார்கள்.

ஆகவே புதிதாகச் சுற்ற வேண்டும், பெரிதாகச் சுற்ற வேண்டும், பிடியைக் கூட்டிக் குறைக்க ஒரு கட்டுப்பாடும் வேண்டும். அதை எங்கே பொருத்தலாம் என்று பார்ப்பதற்காக ஒருநாள் ஜீப்பின் முன்பக்கத்தில் தலையை விட்டேன். அங்கேதான் பெடல்களைப் பார்த்தேன். கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. ஆக்ஸிலேட்டர் வழவழவென்று இருந்தது. நடுவிலிருந்த பிரேக் பெடலின் ரப்பர் மட்டும் கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது. அதில் வார்த்திருந்த கம்பெனி எழுத்துகள் ஒன்றுகூட அழியவில்லை. விரலால் தடவினால் படிக்கலாம்.

எனக்குப் புல்லரித்தது. வித்தைக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். சின்ன முதலாளியிடமும் சொன்னேன். சின்ன முதலாளி என்பவர் முதலாளியின் மருமகன். கல்யாணமான கையோடு கம்பெனியைச் சீர்திருத்த வந்தவர். கையில் எப்போதும் ஒரு நோட்டு. நான் சொன்னதைக் கேட்டுப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நோட்டைப் பிரித்தார்.

“பிரேக்கே மிதிக்கிறதில்லையா?”

“மிதிக்க வேண்டிய அவசியமே வர்றதில்லைங்க.”

“அவசியம் வந்தா மிதிப்பாரா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “வர்ற திட்டக்குடிச் சந்தைக்கு நானும் கூட வரேன். பக்கத்துல உக்காந்து பாக்கணும்” என்று எழுதிக்கொண்டார்.

இதைச் சொல்லத்தான் நேராகத் தனக்கோடி அக்காவிடம் போனேன். ஜாடிகளுக்கு மேல்பூச்சுப் பூசுவதும், வைக்கோல் சுற்றி அடுக்குவதும், சூளைக்குள் எது எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பதும் அவர் வேலை. கையை மேல்பூச்சிலிருந்து எடுக்காமலேயே நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

“பெடலைப் பாத்தே. செருப்பைப் பாத்தியா?”

“எந்தச் செருப்பு?”

“டிரைவரோட செருப்பு. இடது செருப்பு தேஞ்சு கிழிஞ்சிருக்கும். வலது செருப்புல பின்பக்கம் மட்டும்தான் தேயும். முன்பாதம் புதுசா இருக்கும். அந்தக் காலுல அழுத்தம் இல்ல, தம்பி. ஊனி நிக்க முடியும், ஓங்கி மிதிக்க முடியாது. மூணு வருசமா நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீ ஒரு வாரத்துல ஊருக்கே தண்டோரா போட்டுட்டே.”

நடை ஏன் மெதுவாக இருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. ஆட்டின் காதும், மணல் ஓரமும், மேட்டைப் பார்த்து நிறுத்துவதும், மன்னிப்புத் தத்துவமும் எல்லாம் வரிசையாக வேறு முகத்தைக் காட்டின. அவர் பிரேக் போடாதவர் இல்லை. போட முடியாதவர். ஜீப்பின் கை பிரேக் நின்ற வண்டியைப் பிடித்து வைக்கத்தான் ஆகும். அவரோடு எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். அவர் முன்னால் எத்தனை பேர் ரோட்டைக் கடந்திருப்பார்கள் என்று அதற்கப்புறம்தான் நினைத்தேன். அந்த வரிசைக்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

சாயந்திரம் அவரிடம் போனேன். கூட்டல் கழித்தல் இல்லாமல் கேட்டேன். “அண்ணே, உங்க வலது கால் எப்படி இருக்குது?”

அவர் என்னைப் பார்க்காமல் ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “கால் இருக்குது. பலம்தான் வர மாட்டேங்குது.”

“என்ன ஆச்சு?”

“கிணத்துல விழுந்தேன்.”

தனக்கோடி அக்காவிடம் லாரிக் கதவு நசுக்கியதாகச் சொல்லியிருந்தார். டீக்கடைக்காரரிடம் குழந்தையிலேயே காய்ச்சல் வந்ததாக. எது நிஜம் என்று எனக்குக் கடைசி வரை தெரியாது. ஒரே பொய்யைத் திரும்பச் சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

“பெடலைப் பத்திச் சின்ன முதலாளிகிட்டச் சொன்னியாமே” என்றார்.

“பெருமையா நெனச்சுத்தாண்ணே சொன்னேன்.”

“பெருமையாத்தான் இருந்துது.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “அந்த கேட்டாண்ட ஸ்டூலு ஒண்ணு இருக்குது பாரு.”

இருந்தது. கம்பெனி வாசலில் வாட்ச்மேனுக்குப் போட்ட மர ஸ்டூல். முன்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர், கண் மங்கிப்போன பிறகு, அதில் உட்கார்ந்திருந்தார்.

“வேலைய வுட்டு நிறுத்த மாட்டாங்க. நல்லவங்க. அந்த ஸ்டூல்ல உக்கார வச்சுடுவாங்க. காலைல ஆறு மணிலேந்து போற பஸ்ஸையெல்லாம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அந்தாளு வண்டிச் சத்தத்தை வச்சு எந்த கியருன்னு சொல்றாரு. கேக்கறதுக்கு ஆளில்ல, தனக்குத் தானே சொல்லிக்கிறாரு.” பிறகு முதல்முறையாக அவரே கேட்டார்: “அந்தக் கரண்ட் பிரேக்கு, அதைக் கையால போட முடியுமா?”

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் தூங்கியதாக ஞாபகம் இல்லை.

சுருள்களைச் சுற்றினேன். டிரம்முக்குள் வரும் சூட்டில் துணி உறை கருகியது. பீங்கான் பேட்டையில் இருந்துகொண்டு துணியைத் தேடியதற்காக என்னையே திட்டிக்கொண்டு, பீங்கான் வளையத்தின் மேல் மறுபடி சுற்றினேன். அது தாங்கியது. அடுத்தது கட்டுப்பாடு. வரிவரியாகப் பள்ளம் வைத்த ஒரு பீங்கான் உருளை, பள்ளத்தில் ஹீட்டர் கம்பி, அதன் மேல் நகரும் ஒரு கைப்பிடி. கைப்பிடியை இழுக்க இழுக்கக் கரண்ட் கூடும். உருளைக்கு அழகாகப் படம் வரைந்து, எட்டு அங்குலம் என்று அம்புக்குறி போட்டுத் தனக்கோடி அக்காவிடம் கொடுத்தேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

சூளை ஆறி வெளியே வந்தபோது உருளை ஏழு அங்குலம் இருந்தது.

“எட்டுன்னு எழுதியிருந்தேனேக்கா.”

“எட்டுதான் வச்சேன். சூளை ஏழு குடுத்துச்சு. மண்ணு வெந்தா சுருங்கும்னு உங்க படிப்புல சொல்லித் தரலியா?”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“அம்புக்குறியெல்லாம் போட்டு எழுதியிருந்தியே. டிப்ளமா எழுதினதை நான் எப்படித் திருத்துறது?”

சந்தைக்கு எட்டு நாள் இருந்தது. வாரத்துக்கு ஒரு சூளைதான். இருந்ததை வைத்துச் சோதித்தோம். பள்ளம் குறைந்ததால் கம்பி குறைந்தது, கம்பி குறைந்ததால் முதல் இழுப்பிலேயே கரண்ட் பாய்ந்தது. சக்கர வீட்டுக்குள் கழுத்து வரை தண்ணீர் நிரப்பி வைத்த ஜாடி பாதி காலியாகி, நான் தொடை வரை நனைந்தேன். பிரேக் பிடிக்க வேண்டும், ஆனால் ஜாடிக்குத் தெரியக் கூடாது. அதுதான் கணக்கு. அடுத்த சூளைக்கு உருளையை ஒன்பது அங்குலமாகத் தனக்கோடி அக்கா தானே செய்து வைத்தார். நான் எந்த அம்புக்குறியும் போடவில்லை. எட்டு வந்தது.

கைப்பிடியை இடது பக்கம், கியருக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்றேன். டிரைவர் மறுத்துத் தலையாட்டினார். “அங்க வேணாம். பக்கத்துல உக்கார்றவங்க பாப்பாங்க. வலது பக்கம் வையி, வெளிப்பக்கமா. மேல நான் துண்டைப் போட்டுக்கறேன்.”

சின்ன முதலாளிக்கு ஒரு விளக்கம் தேவைப்பட்டது. அதை நான்தான் கொடுத்தேன். டிரைவர் பெடலை மிதித்தால் பின்வண்டிக்குத் தானாகக் கரண்ட் போகும் என்று சொன்னேன். கையேட்டிலும் அப்படித்தான் போட்டிருந்தது. எங்கள் வண்டியில் அப்படி இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. வாழ்க்கையில் நான் சொன்ன முதல் தொழில்நுட்பப் பொய் அது. சரளமாக வந்ததுதான் பயமாக இருந்தது.

சந்தை நாள் காலையில் புறப்பட்டோம். சின்ன முதலாளி முன் சீட்டில், மடியில் நோட்டு. நான் பின்னால். ஊரைத் தாண்டியதும் அவர் கண்ணை ரோட்டிலிருந்து எடுத்து டிரைவரின் காலில் வைத்தார். திட்டக்குடி வரை எடுக்கவே இல்லை.

“இப்ப நிறுத்துங்க” என்றார், நேரான வெற்று ரோட்டில்.

டிரைவர் வலது பாதத்தைத் தூக்கிப் பெடலின் மேல் வைத்தார். வைத்தார், அவ்வளவுதான். துண்டுக்கு அடியில் கை மெல்ல நகர்ந்தது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து அன்பாக இழுப்பது போல வண்டி வேகம் குறைந்து நின்றது. உள்ளே ஒரு ஜாடிகூட வாய் திறக்கவில்லை.

“இன்னொரு தடவை.”

மறுபடி. இறக்கத்தில் ஒரு தடவை. எதிரே பஸ் வரும்போது ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் பாதம் ஏறி உட்கார்ந்தது, கை நகர்ந்தது, வண்டி நின்றது. நான்காவது தடவைக்குப் பிறகு சின்ன முதலாளி நோட்டை மூடினார். நான் பின் சீட்டில் உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டேன். ஸ்டூல் இரண்டு வருஷமாவது தள்ளிப் போய்விட்டது என்று நினைத்தேன்.

சந்தையில் பதினோரு ஜாடி விற்றது. கட்டிலைப் பார்த்தவர்கள் இருநூறு பேருக்குக் குறையாது. திரும்பும்போது சின்ன முதலாளி ஜீப்பைச் சுற்றி வந்து டிரைவர் பக்கம் நின்றார்.

“நகருங்க. நான் ஓட்டறேன்.”

டிரைவர் அசையவில்லை. “எதுக்குங்க சின்ன முதலாளி? வெயிலா இருக்குது.”

“இவ்வளவு சுலபமா நிக்குது. இதுக்கு எதுக்குத் தனியா ஒரு டிரைவருன்னு பாக்கறேன். நானே ஓட்டிக்கலாமே.”

எங்கள் பிரேக் நன்றாக வேலை செய்துவிட்டது. அதுதான் எங்கள் தவறு. காலைக் காப்பாற்றப் போய் ஆளையே வேண்டாமென்று ஆக்கியிருந்தோம். டிரைவர் இறங்கி, மெதுவாகச் சுற்றி வந்து, இடது சீட்டில் உட்கார்ந்தார். துண்டு மட்டும் வலது பக்கத்தில் தொங்கியது. எடுத்தால் கைப்பிடி தெரியும். இவருடைய கை அங்கே எட்டாது. நான் சின்ன முதலாளியின் முதுகுக்குப் பின்னால் சரியாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

பெண்ணாடம் நெருங்கும்போது முன்னால் கரும்பு வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கடைசி வண்டி நின்றது. நானூறு அடி முன்னாலேயே டிரைவர் சொன்னார்: “காலை எடுத்துடுங்க சின்ன முதலாளி.” அவர் எடுக்கவில்லை. பிரேக் இருக்கும்போது எதற்கு எடுக்க வேண்டும்? பக்கத்தில் போனதும் நல்ல பலமுள்ள காலால் பெடலை ஓங்கி மிதித்தார். ஜீப் முனகியது. பின்னாலிருந்த சக்கர வீட்டுக்கு அந்தச் செய்தி போகவில்லை. அது முழு எடையோடு எங்களைத் தள்ளியது. கரும்புத் தோகை கண்ணாடிக்கு நேராக வளர்ந்துகொண்டே வந்தது.

“தம்பி” என்றார் டிரைவர். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் சின்ன முதலாளியின் தோளுக்கு மேலாகப் பாய்ந்து, துண்டோடு சேர்த்துக் கைப்பிடியைக் கடைசி வரை இழுத்தேன். சக்கர வீட்டின் சக்கரம் இரண்டும் அலறி ரோட்டைப் பிடித்துக்கொண்டன. நாங்கள் நின்றபோது ஒரு கரும்பு ஜீப்புக்குள் நுழைந்து என் காதை ஒட்டி நின்றிருந்தது. அதன்பின் பின்னால் ஜாடிகள் விழும் சத்தம். அது ஓய்வதற்கு வெகு நேரமானது. முப்பத்தொன்று போயிற்று.

சின்ன முதலாளி வெளுத்துப் போயிருந்தார். “பெடலை மிதிச்சேனே. அது ஏன் நிக்கல?”

நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன் என்று இன்றைக்கும் நம்ப விரும்புகிறேன். டிரைவர் முந்திக்கொண்டார்.

“மிதிச்சீங்க. ஆனா எல்லாக் காலுக்கும் அது கட்டுப்படாதுங்க. பழகின காலா இருக்கணும்.”

சின்ன முதலாளி தன் வலது முழங்காலை ஒரு கையால் தேய்த்துக்கொண்டு அவருடைய காலைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. நான் எதற்காகப் பாய்ந்தேன் என்று அவர் கேட்கவே இல்லை. பயத்தில் பாய்ந்ததாக எடுத்துக்கொண்டார். அதுவும் பொய்யில்லை.

அன்று சாயந்திரம் முதலாளியிடம் அவர் சொன்னதை, மேல்பூச்சு அறையிலிருந்து தனக்கோடி அக்காவும் நானும் கேட்டோம். “இனிமே அந்த ஸ்டியரிங்கை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது மாமா. அந்தாளோட காலே வேற.”

அக்கா கையிலிருந்த ஜாடியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் சின்ன முதலாளி டிரைவரைக் கூப்பிட்டார். சக்கர வீட்டின் அலமாரியெல்லாம் உடைந்து கிடக்கிறது, ஒரு மாதம் அது கொட்டகையில் நிற்கட்டும் என்றார். “திங்கட்கிழமை ரயில்ல என் சம்சாரம் கைக்குழந்தையோட வராங்க. ஜீப்பை மட்டும் எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போங்க. உங்களை நம்பித்தான் அனுப்பறேன். வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்.”

டிரைவர் சரி என்று தலையாட்டிவிட்டு என்னிடம் வந்தார். சொன்னார். நான் பின்னால் திரும்பி, கழற்றி நிறுத்தியிருந்த சக்கர வீட்டைப் பார்த்தேன். அவருடைய பிரேக் முழுவதும் அதற்குள் இருந்தது.

“உடம்பு சரியில்லேன்னு சொல்லிடுங்கண்ணே.”

“இந்தத் திங்கக்கிழம சொல்லலாம். அடுத்த திங்கக்கிழம?”

“அப்ப நான் அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன். குழந்தை வருதுண்ணே. இது ஜாடி இல்ல.”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. “சொல்லணும்னா சொல்லு தம்பி. நான் தடுக்க மாட்டேன். நீ சொல்லலேன்னா நானே சொல்ற மாதிரிதான் இருக்குது.” வாசல் ஸ்டூல் பக்கம் அவர் திரும்பவே இல்லை. திரும்பாமல் இருப்பதற்குப் பாடுபட்டது தெரிந்தது.

நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டே வந்த தனக்கோடி அக்காதான் வழி சொன்னார். பியூஸ் கட்டை அழுத்தும் அச்சு மெஷினில் ஒரு நீளக் கைப்பிடி உண்டு. சின்னப் பெண்கள்கூட ஒற்றைக் கையால் இழுத்தால் மண் கல்லாக இறுகும். “பழைய மெஷினு ஒண்ணு சும்மாதானே கெடக்குது. அந்தக் கையைக் கழட்டி, பெடலோட தண்டுல மாட்டு. மிதிக்கிறதைக் கையால இழுத்துட்டுப் போவட்டும்.”

அதில் மின்சாரமே கிடையாது. எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. மேலே ஒரு காந்தத்தையாவது வைக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் படுத்தேன். இருட்டுவதற்குள் கைப்பிடி பெடலோடு பிணைந்துவிட்டது. நிற்கும் வண்டியில் இழுத்துப் பார்த்தோம். பெடல் தரை வரை இறங்கியது.

நிற்கும் வண்டி நிற்பதில் என்ன இருக்கிறது? மறுநாள் விடிந்ததும் மணிமுத்தாற்றுப் பாலத்து இறக்கத்துக்குப் போவதென்று தீர்மானித்தோம். ஆற்று மணலில் பார்க்கலாம் என்று நான் சொன்னதற்கு டிரைவர் ஒப்பவில்லை. மணலில் எந்த வண்டியும் தானாக நிற்கும், தார் ரோட்டில் நிற்க வேண்டும் என்றார். மேட்டைத் தேடுவதில்லை, ஓரத்தைத் தேடுவதில்லை, முன்கூட்டிக் காலை எடுப்பதில்லை. நான் முன்னால் ரோட்டோரம் நின்று கையைக் காட்டுவேன். காட்டிய இடத்தில் நிறுத்த வேண்டும். மூன்று தடவை. ஒரு தடவை தவறினாலும், அங்கிருந்து நேராகச் சின்ன முதலாளி வீட்டுக்குப் போய் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

டிரைவர் கைப்பிடியை இன்னொரு தடவை இழுத்து, விட்டார்.

“மூணு பத்தாது தம்பி” என்றார். “அஞ்சா வையி.”